கொண்டையூசி

தம்புள்ளை எங்கள் வீட்டில் ஒரு விலையின் பெயராகத்தான் புழங்கிவந்தது. அத்தான் வெங்காயம் செய்கிறவர். போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, "தம்புள்ளையிலை விழுந்திட்டுது" என்று அவர் சொன்னால் அக்கா அடுப்படியிலிருந்தே பெருமூச்சு விடுவாள். விழுந்தது சின்ன வெங்காயத்தின் கிலோ விலை. 1999இல் அங்கே விசேட பொருளாதார மத்திய நிலையம் என்ற நீண்ட பெயரோடு மொத்தச் சந்தை வந்தது. யுத்தத்தில் மூடிக்கிடந்த பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் விளைகிற பலவற்றுக்கும் அங்கேதான் விலை பேசுகிறார்கள். அந்த ஊரில் ஒரு மலை இருப்பதும், மலையின் வயிற்றில் ஐந்து குகைகள் இருப்பதும், பதினெட்டு இருபது கிலோமீற்றர் தள்ளி சீகிரியா நிற்பதும் வெங்காயத்துக்குத் தேவையில்லாத சங்கதிகள்.

அக்காவின் மகள் பல்கலைக்கழக விடுமுறையில் வவுனியாவில் என்னிடம் வந்து நின்றபோதுதான் கேட்டாள்: "மாமா, அப்பா நெடுகச் சொல்லுற தம்புள்ளையிலை பாக்க என்ன கிடக்கு?" ஒரே நாளில் போய்வருவதென்று முடிவாயிற்று. விடியுமுன் பஸ், காலையில் சீகிரியா, பின்னேரம் தம்புள்ளை, இரவுச் சோற்றுக்கு வீடு.

மதவாச்சி வந்ததும் எனக்குத் தூக்கம் தானாகக் கலைந்தது. யுத்தகாலத்தில் அங்கே எல்லாரையும் இறக்குவார்கள். பொதிகளைக் கொட்டி, அடையாள அட்டையைப் புரட்டிப் பார்த்து, அந்தப் பக்கத்தில் வேறு வாகனத்தில் ஏற்றிவிடுவார்கள். பஸ் இப்போது வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை. அவள் யன்னல் கண்ணாடியில் தலை சாய்த்து நல்ல நித்திரை. எழுப்பிச் சொல்லலாமா என்று யோசித்தேன். படுக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

சீகிரியாவில் ரிக்கட்டுக்கு இரண்டு விலை. வெளிநாட்டாருக்கு டொலரில், எங்களுக்கு ரூபாயில். ரூபாய்க்காரர் என்று காட்ட அடையாள அட்டையை நீட்டினேன். மதவாச்சியில் நீட்டிய அதே அட்டைதான். வாழ்க்கையில் முதற்தடவையாக அதை நீட்டியதால் எனக்கு ஒரு லாபம் கிடைத்தது.

அடிவாரத்திலிருந்து பார்த்தால் அந்தப் பாறை சமதரையில் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பெட்டிபோல நிற்கிறது. தரையிலிருந்து இருநூறு மீற்றருக்குக் கிட்டிய உயரம். முன்னால் நேர்கோட்டில் நீர்த்தோட்டங்கள். மழைக்காலத்தில் நிலத்தடிக் குழாய்களில் நீர் அழுத்தம் ஏறும்போது, ஆயிரத்தைந்நூறு வருடத்துக்கு முந்திய ஊற்றுகள் சில இன்றும் பீறிடுமாம். நாங்கள் போனது வெயில் நாள். ஊற்றுக்கண்கள் வெறும் ஓட்டைக் கற்களாக, சல்லடைபோலக் கிடந்தன.

கதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். காசியப்பன் தகப்பன் தாதுசேனனைக் கொன்று அரசனானான். பட்டத்து மனைவிக்குப் பிறந்த தம்பி முகலன் இந்தியாவுக்கு ஓடினான். அவன் ஒருநாள் படையோடு திரும்புவான் என்ற பயத்தில் அண்ணன் இந்தப் பாறைமேல் போய்க் குந்திக்கொண்டான். 477 முதல் 495 வரை, பதினெட்டு வருடம். முகலன் திரும்பித்தான் வந்தான். போரில் காசியப்பனின் யானை சேற்றைக் கண்டு ஒதுங்கித் திரும்ப, அரசன் புறங்காட்டுகிறான் என்று படை கலைய, அவன் தன் கழுத்தைத் தானே அறுத்துக்கொண்டான். சொல்வது சூளவம்சம், எழுதியவர்கள் பிக்குகள். தகப்பனைக் கொன்றவனை அவர்கள் மன்னிக்கவில்லை. ஆனால் தம்பியிடமிருந்து தப்பத் தோட்டமும் ஓவியமும் இவ்வளவு வேண்டுமா என்ற கேள்விக்கு அந்த நூலில் பதிலில்லை. பயந்தவன் மதில் கட்டுவான். ஊற்றுக்குக் குழாய் புதைக்கிறவனுக்கு வேறு ஏதோ ஆசை இருந்திருக்கவேண்டும்.

கதையில் எனக்குப் பிடித்த இடம் தாதுசேனனுடையது. செல்வத்தை எங்கே ஒளித்துவைத்திருக்கிறாய் என்று மகன் நெருக்கியபோது அவன் தன்னைக் கலாவெவவுக்குக் கூட்டிப்போகச் சொன்னான். தான் கட்டிய அந்தக் குளத்தில் இறங்கிக் குளித்து, தண்ணீரைக் கையில் அள்ளிக் காட்டி, என்னிடம் இருப்பது இதுதான் என்றான். பிறகு அவனைச் சுவரோடு வைத்துப் பூசிவிட்டார்கள். அதே தாதுசேனன் அநுராதபுரத்தை எடுத்தது ஆறு தமிழ் அரசர்கள் இருந்த வரிசையை முடித்துவைத்துத்தான். இதையும் அவளுக்குச் சொன்னேன். "அப்ப எங்கடை ஆக்களும் கதையிலை இருக்கினம்" என்றாள். இருக்கிறார்கள், முதற்பக்கத்திலேயே தோற்றுப்போகிறவர்களாக.

பாதி மலையில் வருகிறது கண்ணாடிச் சுவர். சிங்களத்தில் கெட்டபத் பவுர. செங்கல்லில் கட்டி, சுண்ணாம்புச் சாந்து பூசி, போகிறவனின் உருவம் தெரியுமளவு மினுக்கியிருந்தார்களாம். இன்று அது பழந்தந்தத்தின் நிறத்தில் மங்கிக் கிடக்கிறது. வெயில் சரிவாக விழும் இடங்களில் மட்டும் ஒரு எண்ணெய்ப் பளபளப்பு. அந்தப் பளபளப்புக்குள் மயிரிழை மயிரிழையாகக் கீறல்கள். ஒரு முழத்துக்குக் குனிந்து பார்த்தால்தான் அவை எழுத்துகள் என்று தெரியும். சாந்தைத் தோண்டாமல், தோலில் நகம் பட்டதுபோல, கூரான ஏதோ ஒன்றால் எழுதியவை.

காசியப்பன் செத்தபின் முகலன் பாறையைப் பிக்குகளிடம் கொடுத்துவிட்டான். அரண்மனை பாழானது, ஓவியங்கள் மிஞ்சின. அவற்றைப் பார்க்க ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பிக்குகள், பிரபுக்கள், போர்வீரர்கள், பெண்கள், பெயர் சொல்லாமல் போனவர்கள். மேலே பாறையில் நிற்கும் பொன்னிறப் பெண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, எதிரே இருந்த பளபளச் சுவரில் கவிதை எழுதினார்கள். நான் இன்னார், இன்ன ஊர், இதை எழுதியவன் நான்தான் என்ற கையெழுத்தோடு. 8ஆம் நூற்றாண்டிலிருந்து 10ஆம் நூற்றாண்டு வரை எழுதப்பட்ட 685 பாட்டுகளை செனரத் பரணவிதான வாசித்து 1956இல் இரண்டு பாகமாக வெளியிட்டார். பழைய சிங்களக் கவிதையை ஆராய்கிறவர்கள் அந்த நூலைத் தாண்டிப் போகமுடியாது. வேடிக்கை பார்க்க வந்தவர்களின் கிறுக்கல் ஒரு மொழியின் இலக்கியக் கருவூலமாகிவிட்டது. அதிலும் பெரும்பாலானவை காதல் புலம்பல்கள்: இந்தப் பெண்கள் பார்க்கிறார்கள், பேசமாட்டேன் என்கிறார்கள்.

அந்த இடத்தில் நின்றுதான் அவளுடைய கொண்டை அவிழ்ந்தது. கீழேயிருந்து ஏறிய வியர்வை, மேலே காற்று. ஊசியை இழுத்து வாயில் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் மயிரைச் சுருட்டினாள். பத்தடி தள்ளி நின்ற காவலர் கதிரையிலிருந்து எழும்பிவிட்டார். "நங்கி, அத தியன்ன எப்பா." தங்கச்சி, கை வைக்காதை. அவள் சுவரைத் தொடவேயில்லை. அவருடைய கண் சுவரில் இல்லை, அவள் வாயில் இருந்த ஊசியில் இருந்தது. அவள் ஊசியைத் தலையில் குத்தி முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கொஞ்சம் வெட்கப்பட்டதுபோலச் சிரித்துவிட்டுப் போய் இருந்தார்.

"ஏன் மாமா அந்தாள் அப்பிடிப் பாத்தது?"

2015 பெப்ரவரியில் கிழக்கிலிருந்து கூட்டமாகச் சுற்றுலா வந்த ஒரு தமிழ்ப் பெண் இந்தச் சுவரில் கொண்டையூசியால் தன் பெயரைக் கீறினாள். பிடித்தார்கள். தொல்பொருள் சட்டம் கடுமையானது. இரண்டு வருடச் சிறை என்று தீர்ப்பாயிற்று. பலர் குரல் கொடுத்தபின் ஜனாதிபதியின் மன்னிப்பில் சில வாரங்களில் வெளியே வந்தாள். அவளுடைய பெயர் அப்போது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, சுவரில் எழுத நினைத்ததைவிடப் பெரிய எழுத்தில். இங்கே அதை நான் எழுதப்போவதில்லை. அவளுக்கு அது போதும்.

கீறியது பிழை. அதில் எனக்கு இரண்டு மனமில்லை. அந்தச் சாந்து இனி வராது. நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் ஆட்கள் ஏறுகிற இடத்தில் ஆளுக்கொரு பெயர் என்றால் ஒரே வருடத்தில் 685 பாட்டும் போய்விடும். பழைய எழுத்துக்கு மேலே பிற்காலத்தார் கீறிய பெயர்களும் திகதிகளும் அங்கே ஏற்கனவே வேண்டியமட்டும் உண்டு. ஆனாலும் காவலர் போய் இருந்தபிறகு நான் அந்தச் சுவர் முன்னால் கொஞ்சநேரம் நின்றேன். அந்தப் பெண்ணும் அந்த 685 பாட்டை எழுதியவர்களும் செய்தது ஒரே காரியம். ஏறி வந்தார்கள், களைத்தார்கள், அழகான ஒன்றைப் பார்த்தார்கள், நான் வந்தேன் என்று சுவருக்குச் சொன்னார்கள். அவர்களுக்குக் கவிதை வந்தது, அவளுக்குப் பெயர்தான் வந்தது. யாப்புத் தெரியாத குற்றத்துக்கு இரண்டு வருடம் என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும், நியாயமாக இருக்காது. இடையில் ஆயிரம் வருடம் போயிருக்கிறது, சுவர் அரும்பொருளாகிவிட்டது. அது எனக்கும் விளங்குகிறது. விளங்காதது அந்த இரண்டு வருடக் கணக்குத்தான்.

1967இல் யாரோ இரவோடிரவாக ஏறி ஓவியங்கள்மேல் பச்சைப் பெயிண்டை வாரி இறைத்தார்கள். இத்தாலியிலிருந்து லூசியானோ மரன்சி வந்து பொறுமையாகக் கழுவி எடுத்தார். பெயர் எழுதுகிறவனும் பெயிண்ட் ஊற்றுகிறவனும் ஒரே ஆள் இல்லை. முதலாமவனுக்கு அந்த இடம் பிடித்துவிட்டது, அதுதான் சங்கடம்.

ஓவியங்களுக்குச் சுழல் ஏணியில் ஏறவேண்டும். படமெடுக்கக் கூடாது. ஒருவகையில் நல்லது. போன் பைக்குள் போனதும் ஆட்கள் வேறு வழியில்லாமல் பார்க்கிறார்கள். இன்று மிஞ்சியிருப்பவை இருபது சொச்சம். இடுப்புக்குக் கீழே முகில், மேலே பூவும் நகையும். இவர்கள் அப்சரஸ்கள் என்றார் ஆனந்த குமாரசுவாமி, எங்கள் முத்துக்குமாரசுவாமியின் மகன். முகிலும் மின்னலும் பெண்ணுருவில் என்றார் பரணவிதான. கோயிலுக்குப் போகும் அரண்மனைப் பெண்கள் என்றார் தொல்பொருள் ஆய்வாளர் பெல். மூன்று பேரும் அறிஞர்கள், எனக்கு வாக்கு இல்லை. என் கண் போனது ஒரு பெண்ணின் கைக்கு. ஓவியன் ஒரு கையை வரைந்திருக்கிறான். மனம் ஒப்பவில்லை. வேறு வாகில் இன்னொன்று வரைந்திருக்கிறான். மேலே பூசிய நிறம் காலத்தில் தேய, வேண்டாமென்று விட்ட கையும் எட்டிப் பார்க்கிறது. வழிகாட்டிகள் மூன்று கைக்காரி என்று சிரிப்புக்காகக் காட்டுவார்கள். அவன் தன் பெயரை எங்கும் எழுதவில்லை. இந்தத் திருத்தம்தான் அவன் கையெழுத்து.

மிச்சத்தைச் சுருக்கிவிடலாம். சிங்கப் பாதங்கள் இரண்டும் நகங்களோடு கிடக்கின்றன, தலை எப்போதோ உதிர்ந்துவிட்டது. பக்கத்தில் குளவி கலைந்தால் ஓடி நுழைய ஒரு கம்பிவலைக் கூண்டு. சத்தம் போடாதே என்று அறிவிப்பு, அதை வாசித்துக்காட்டிச் சத்தம் போடும் பள்ளிக்கூடப் பிள்ளைகள். இரும்புப் படியில் உச்சி. உச்சியில் செங்கல் அத்திவாரங்களும் பாறையில் வெட்டிய ஒரு குளமும் நல்ல காற்றும். அவளுக்குப் பிடித்திருந்தது. எனக்கு முழங்கால் நொந்தது.

தம்புள்ளைக்குத் திரும்பும்போது மணி இரண்டு கடந்துவிட்டது. செருப்பைக் கழற்றிக் காவலில் கொடுத்துவிட்டு வெறுங்காலோடு குகை முற்றத்தில் கால்வைத்தால் பாறை சுட்டுப் பொரிகிறது. ஓடித்தான் நிழலுக்குள் நுழையவேண்டும். நுழைகிற இடத்தில் அண்ணாந்து பார்க்கவேண்டும், பலர் பார்ப்பதில்லை. மழைத்தண்ணீர் பாறையில் வழிந்து உள்ளே வராமல் குகையின் நெற்றியில் புருவம்போல ஒரு காடி வெட்டியிருக்கிறார்கள். இந்த மாதிரிக் காடிகளின் கீழே பிராமி எழுத்தில், இந்தக் குகையைச் சங்கத்துக்குக் கொடுத்தவர் இன்னார் என்று வெட்டிவைப்பது அக்கால வழக்கம். தம்புள்ளையிலும் உண்டு. இரண்டாயிரம் வருடத்துக்கு மேலாக மழை அந்தப் பெயர்களுக்கு மேலே வந்து, காடியில் தடுக்கி, முற்றத்தில் சொட்டிக்கொண்டிருக்கிறது. கொடுத்தவன் பெயரைப் பாறையில் வெட்டலாம். அதற்குக் கல்வெட்டு என்று பெயர்.

கி.மு. 103இல் பட்டத்துக்கு வந்த வட்டகாமணி, வலகம்பா என்று சிங்கள மக்கள் சொல்கிறவன், அதே வருடம் ஐந்து தமிழரிடம் அநுராதபுரத்தை இழந்தான். பதினாலு வருடம் காட்டில் ஒளிந்து திரிந்து கி.மு. 89இல் மீட்டான். ஒளிந்த காலத்தில் தங்கிய குகையை நன்றிக்கடனாகக் கோயிலாக்கினான் என்பது தம்புள்ளையின் கதை. "அப்ப இது எங்களுக்குப் பயந்து ஒளிச்ச இடமோ?" என்று அவள் மெதுவாகத்தான் கேட்டாள். பக்கத்தில் வெள்ளைச் சேலையில் ஒரு அம்மா பூத்தட்டோடு நின்றார். நான் கண்ணைக் காட்டினேன். பிறகு எங்கள் இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அந்த ஐந்து பேரின் பெயர்களும் மகாவம்சத்தில் இருக்கின்றன. புலகத்த, பாகிய, பணயமார, பிலயமார, தாட்டிக. பாளியில் வாய்வைத்துக் கெடுத்த பெயர்கள். ஆனாலும் நடுவில் வரும் இரண்டையும் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். மாறன் என்று காதில் விழும். பதினாலு வருடம் ஆண்டவர்கள் தங்கள் பெயரைத் தாங்கள் எழுதியதாக ஒன்றும் மிஞ்சவில்லை. துரத்தியவனின் பக்கத்து நூலில் வாய்மாறிய பெயராக மிஞ்சியிருக்கிறார்கள்.

இரண்டாவது குகைதான் பெரிது. நீளம் 52 மீற்றர். உள்ளே போனதும் கண் இருளுக்குப் பழகக் கொஞ்சநேரம் வேண்டும். முதலில் வாசம் வருகிறது, நித்தியகல்யாணிப் பூவும் எண்ணெய்ப் புகையும் வௌவாலும் கலந்து. பிறகு ஒவ்வொன்றாகப் புத்தர்கள். பிறகுதான் கூரை. பாறை எப்படி மேடு பள்ளமாக இருக்கிறதோ அப்படியே விட்டு, அதன்மேல் வரைந்திருக்கிறார்கள். பாறை வளைகிற இடத்தில் ஓவியமும் வளைகிறது. காற்றுப் பிடித்த பந்தல் சீலை அண்ணாந்து உப்பி நிற்பதுபோல இருக்கிறது, கை எட்டினால் அசையும் என்று தோன்றும். இதே குகையில் விஷ்ணுவும் நிற்கிறார், சமன் தெய்வமும் நிற்கிறார். வலகம்பாவுக்கும் நிசங்கமல்லனுக்கும் சிலை. 1187 முதல் 1196 வரை பொலன்னறுவையில் இருந்த இந்த நிசங்கமல்லன் 73 சிலைகளுக்குப் பொன் பூசினேன் என்று இங்கே கல்லில் எழுதிவைத்திருக்கிறான். ஒன்றைச் செய்துவிட்டுக் கல்லில் எழுதாமல் அவனுக்கு நித்திரை வராது. பொலன்னறுவையில் அவன் வெட்டுவித்த கல் புத்தகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அவனை யாரும் பிடிக்கவில்லை.

சுவரில் ஓரிடத்தில் யானைமேல் இரண்டு பேர் போரிடுகிறார்கள். துட்டகைமுனுவும் எல்லாளனும். அவள் கிட்டப்போய்ப் பார்த்தாள். எங்கள் பாடப்புத்தகத்தில் எல்லாளன் கன்றுக்காக மகனைத் தேரேற்றிக் கொன்றவன், ஆராய்ச்சி மணிக்காரன். இங்கே அடுத்த கணம் விழப்போகிறவன். மகாவம்சமும் அவனை நீதிமான் என்றுதான் சொல்கிறது. செத்த இடத்தில் மேளத்தை நிறுத்திவிட்டுப் போகும்படி வென்றவன் கட்டளையிட்டதையும் சொல்கிறது. ஓவியத்தில் அவ்வளவுக்கு இடமில்லை.

மூன்றாவது குகையைச் செய்வித்தவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், 1747 முதல் 1782 வரை கண்டியில் இருந்தவன். மதுரைப் பக்கத்து நாயக்கர் குடும்பம். சைவனாக வளர்ந்து, அரியணைக்காகப் பௌத்தனாகி, இலங்கையில் அறுந்துபோயிருந்த பிக்கு பரம்பரையைச் சீயத்திலிருந்து துறவிகளை வரவழைத்து 1753இல் மீண்டும் தொடக்கிவைத்தவன். இன்று தெற்கில் பௌத்தத்தைக் காக்கப் புறப்படுகிறவர்கள் பலர் அந்தப் பரம்பரையில் நிற்கிறார்கள். அதைத் தொடக்கியவன் சிலையாக இந்தக் குகையில் நிற்கிறான். இதே அடிவாரத்தில்தான் 2012 ஏப்ரலில், இது புனித பூமி என்று சொல்லி ஒரு பள்ளிவாசலை அகற்றச் சொல்லிக் கூட்டம் திரண்டது. குகைக்குள் விஷ்ணு நிற்கலாம், மதுரை அரசன் நிற்கலாம்.

வெளியே வருமுன் அவள் என்னை மறுபடி இரண்டாவது குகைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கூரையில் ஒரு வெடிப்பிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. கோடையிலும் நிற்பதில்லை என்கிறார்கள். கீழே ஒரு பாத்திரம் வைத்திருக்கிறார்கள், பூசைக்கு அந்தத் தண்ணீர்தான். சொட்டு விழும், நாங்கள் அடுத்ததற்குக் காத்திருப்போம். அது வராது, வராது, பார்வையை எடுக்கும்போது விழும். ஆறு சொட்டு எண்ணினாள். பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று நான்தான் கூட்டிவந்தேன்.

பஸ்ஸுக்கு நின்ற இடத்தில் சந்தையிலிருந்து திரும்பும் லொறி ஒன்று தேத்தண்ணிக்கு நின்றது. வடமாகாணத்து இலக்கத் தகடு. எங்கள் பேச்சைக் கேட்டுவிட்டுச் சாரதி கிட்ட வந்தார், உரும்பிராய்க்காரர். எங்கே போய்வாறீங்கள் என்றார். சொன்னோம். அவர் அண்ணாந்து மலையைப் பார்த்தார், அன்றைக்குத்தான் அது அங்கே இருப்பதைக் கவனித்தவர்போல.

"பன்ரண்டு வருசமாக் கிழமைக்கு ரண்டுதரம் வாறன் தம்பி. ஒருநாளும் ஏறேல்லை."

அவள் தகப்பனுக்குப் போன் எடுத்தாள். சீகிரியா எப்படி, குகை எப்படி என்று அத்தான் கேட்கவில்லை. அவள் போனை மூடிக்கொண்டு சாரதியிடம் திரும்பி, "அண்ணை, இண்டைக்குச் சின்ன வெங்காயம் என்ன விலை போச்சுது?" என்று கேட்டாள். விழுந்துதான் கிடந்தது.